கூவா அட்டோ போல்டன் ஸ்டேடியம்: பெண்கள் யு-20 ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு

டிரினிடாட் அண்ட் டொபேகோ என்ற கரீபியன் நாட்டில், டிரினிடாட் தீவின் கூவா என்ற ஊரில் பால்மெய்ன் பகுதியில் இருக்கிறது அட்டோ போல்டன் ஸ்டேடியம். 2001இல் ஆண்கள் யு-17, அதாவது 17 வயதுக்கு உட்பட்டோர், உலகப் போட்டிக்காகக் கட்டியது. சுமார் 10,000 பேர் உட்காரலாம். கட்டியது கால்பந்துக்காக, வைத்த பெயர் ஓட்டக்காரருடையது. 1996, 2000 ஒலிம்பிக்குகளில் ஒரு வெள்ளியும் மூன்று வெண்கலமும் வாங்கிய அட்டோ போல்டன்தான் அவர். (பெயரைக் கேட்டதும் மூன்று சக்கரம் நினைவுக்கு வந்தால் அது நம் ஊர்க் கோளாறு.) பெயரில் இருக்கும் இந்தக் குழப்பம் கட்டடத்திலும் இருக்கிறது. புல்தரையைச் சுற்றி முழு ஓடுதளம் ஓடுகிறது. இந்த இடத்தில் கிடைக்கும் சௌகரியத்துக்கும் தொல்லைக்கும் பாதிக்கு மேல் காரணம் அந்த ஓடுதளம்.

கரீபியனில் பெண்கள் இளையோர் கால்பந்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் இந்த மைதானத்தைத் தவிர்க்க முடியாது. 2010இல் பெண்கள் யு-17 உலகக் கோப்பை இந்த நாட்டுக்கு வந்தபோது ஆட்டங்கள் நடந்த ஐந்து மைதானங்களில் இதுவும் ஒன்று. 2018 ஜனவரியில், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் கால்பந்துக் கூட்டமைப்பான கான்ககாஃப் நடத்தும் பெண்கள் யு-20 போட்டி முழுவதும் இங்கேதான் நடந்தது. அதனால், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் போகலாம். எந்த மாதம் போவது, எந்த இருக்கையில் உட்காருவது, ஆட்டத்தின் எந்தப் பகுதியை விடாமல் பார்ப்பது என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். தெரியாமல் போனால், தூரத்தில் பொம்மைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்படி ஆகும்.

தூரக் கணக்கை முதலில் பார்ப்போம். எட்டுப் பாதை கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்துக்கு உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவுதான். உள்விளிம்பின் ஆரம் 36.5 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர், ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். அதற்குள் 105க்கு 68 மீட்டர் கால்பந்துத் தரையை வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து ஓடுதளத்தின் வெளிவிளிம்பு வரைக்குமே 12 மீட்டருக்கு மேல் வந்துவிடும். இருக்கை அதற்கும் பின்னால்தான் தொடங்கும். எதிர்ப்பக்கத்து விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடுகிறவள், உங்களிடமிருந்து 80 மீட்டருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருப்பாள். கோலுக்குப் பின்னால் நிலைமை இன்னும் மோசம். கோல் கோட்டிலிருந்து வளைவின் வெளிவிளிம்பு வரை 36 மீட்டர். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, வலைக்குப் பின்னால் நின்று பந்து வந்து விழுவதைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் இங்கே நடக்காது.

இதே கணக்கில் இன்னொரு வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. தரையின் நான்கு மூலைகளும் ஓடுதளத்தின் வளைவுக்கு மிக அருகில் போய் நிற்கும். கொடிக்கம்பத்துக்கும் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட மிஞ்சாது. கார்னர் கிக் அடிக்கிறவள் நான்கு எட்டு பின்னால் போய் ஓடிவர வேண்டும் என்றால், அந்த எட்டுகள் விழுவது ரப்பர் தளத்தில். அடியில் ஸ்டட் என்ற குமிழ்கள் வைத்த ஷூவுக்கு ரப்பரும் புல்லும் ஒன்றாகப் பிடிக்காது. ஓடுதளம் உள்ள மைதானங்களில் மூலைப் பகுதியில் செயற்கைப் புல் விரிப்பு போட்டுச் சமாளிப்பது வழக்கம். கார்னர் அடிக்கும் பெண் ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டு இரண்டே எட்டில் அடிக்கிறாளா, பந்து முதல் கம்பத்தைத் தாண்டாமல் விழுகிறதா என்று கவனியுங்கள். பதினாறு பதினேழு வயதுக் கால்களுக்கு ஓட்டம் குறைந்தால் பந்தின் தூரமும் குறைந்துவிடும். பயிற்சியாளர் திட்டுவது அவளை, இடித்தது ஓடுதளம்.

ஆகவே இருக்கை விஷயத்தில் எங்கள் பரிந்துரையில் மாற்றமே கிடையாது: கூரை போட்ட கேலரி, நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை மேல் வரிசை. கீழ் வரிசைதான் பக்கம் என்று நினைப்பது இங்கே தப்புக்கணக்கு. கீழே உட்கார்ந்தால் 12 மீட்டர் ஓடுதளமும் மாற்று வீராங்கனைகளின் பெஞ்சும்தான் கண்ணை நிறைக்கும், பந்து அவற்றுக்குப் பின்னால் எங்கோ போய்க்கொண்டிருக்கும். மேலே போனால் இரண்டு அணிகளும் எப்படி வரிசை கட்டி நிற்கின்றன என்பது விரித்த பாயில் கோலம் போல் தெரியும். 8 மடங்கு பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள். இளையோர் ஆட்டங்களில் அச்சிட்ட கையேடு கிடைக்கும் என்று நம்பவேண்டாம். ஆட்டத்துக்குச் சற்று முன் கான்ககாஃப் வெளியிடும் அணிப் பட்டியலை மொபைலில் எடுத்துவைத்துக்கொண்டால் முதுகு எண்ணை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். இந்த வயதில் முகம் தெரிந்த நட்சத்திரம் யாரும் இருக்கமாட்டார்கள், எண்தான் அடையாளம்.

பெரிய கூட்டம் வராததில் ஒரு லாபம் உண்டு. சத்தம் நன்றாகக் கேட்கும். கோல்கீப்பர் தன் டிஃபென்டர்களை அதட்டுவது, பெஞ்சிலிருந்து பயிற்சியாளர் கத்துவது எல்லாம் மேல் வரிசை வரை வரும். ஹைட்டி ஆடினால் கிரெயோல் மொழி, மெக்சிகோ ஆடினால் ஸ்பானிஷ். உள்ளூர் அணி ஆடும் நாளில் இது மாறிவிடலாம். மேளக்காரர்களும் கார் பிரேக் டிரம்மைக் கம்பியால் தட்டுகிறவர்களும் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த இரும்புச் சத்தத்துக்கு அங்கே 'அயர்ன்' என்றே பெயர். இரும்பு டிரம் இசைக்குழுவான ஸ்டீல்பேண்டுக்குத் தாளம் கொடுக்கும் அதே கருவிதான்.

அடுத்தது தண்ணீர். இந்த மைதானத்தைப் பற்றி எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போகமுடியாது.

2017 அக்டோபர் 10ஆம் தேதி இங்கேதான் அமெரிக்க ஆண்கள் அணி டிரினிடாடிடம் 2-1 என்று தோற்று, 2018 உலகக் கோப்பைக்குப் போகமுடியாமல் வீட்டில் உட்கார்ந்தது. அதற்கு முந்தைய நாள் மழையில் ஓடுதளம் குளமாகிக் கிடந்தது. பயிற்சிக்கு வந்த அமெரிக்க ஆட்டக்காரர்களை உதவியாளர்கள் முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடந்த காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 1,500 பேர் என்று கணக்கு. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கே அவ்வளவுதான் என்றால், பெண்கள் யு-17 ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கவலைப்படத் தேவையில்லை.

தண்ணீர் ஏன் அப்படித் தேங்குகிறது? ஓடுதளத்தை எப்போதும் உள்பக்கம் சற்றுச் சரிவாகத்தான் போடுவார்கள், நூற்றுக்கு ஒன்று வரை. பெய்த மழை முதல் பாதையை நோக்கி ஓடிவந்து, உள்விளிம்பை ஒட்டியுள்ள வடிகாலில் இறங்க வேண்டும். கால்பந்துத் தரையையும் நடுவில் சற்று மேடாக்கி இரண்டு பக்கமும் தாழ்வாக விடுவது வழக்கம். அந்தத் தண்ணீரும் அதே விளிம்புக்குத்தான் வரும். இரண்டு சம்பந்தியும் ஒரே வாசலில் வந்து நின்றது போல, வடிகால் அடைத்துக்கொண்டாலும் சரி, மழை அது கொள்ளும் அளவை மீறினாலும் சரி, நீர் நிற்கும் இடம் உள்பாதைகளும் பக்கவாட்டுக் கோட்டோரமும்தான். நடு டிரினிடாடின் மண் பெரும்பாலும் களிமண் வேறு. ஒரு காலத்தில் கரும்பு விளைந்த பூமி, உறிஞ்சுவதில் அவசரம் காட்டாது.

இது பெண்கள் அணியின் ஆட்டத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கரீபியன் இளையோர் அணிகளின் பெரிய ஆயுதம் விங்கில் வேகம். டிரினிடாட், ஜமைக்கா, ஹைட்டி மூன்றிடமும் இதைப் பார்க்கலாம். பின்வரிசையிலிருந்து ஒரு நீண்ட பந்து எதிரணி டிஃபென்டரின் தலைக்கு மேல் போய்க் கோட்டோரம் விழ வேண்டும், விங்கர் ஓட்டத்தில் அவளை முந்தி எடுக்க வேண்டும். காய்ந்த தரையில் அந்தப் பந்து ஒரு குதி குதித்து முன்னால் உருளும். ஓரத்தில் நீர் நின்றால் விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். ஓடிவந்தவள் பந்தைத் தாண்டிப் போய்விடுவாள், டிஃபென்டர் நிதானமாக வந்து எடுத்துக்கொள்வாள். நடுவில் குட்டிக் குட்டிப் பாஸாகப் போட்டு ஆடும் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ இந்தச் சேதம் குறைவு, அவர்கள் ஆடும் நடுப்பகுதி மேடாக இருக்கிறது. சொந்த மண்ணின் மழை சொந்த அணியையே அதிகம் அடிக்கும் விசித்திரம் இது. மழை பெய்த நாளில் உள்ளூர்ப் பயிற்சியாளர் விங்கர்களை உள்ளே இழுத்து ஆடவைக்கிறாரா, அல்லது வழக்கம்போல ஓரத்துக்கே தூக்கி அடிக்கச் சொல்கிறாரா என்பதை முதல் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதிலேயே அவர் எவ்வளவு யோசித்து வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஷூவும் ஒரு விஷயம். ஈரத் தரைக்குத் திருகிப் பொருத்தும் நீளமான ஸ்டட் வேண்டும். காய்ந்த தரைக்கு ஷூவோடு சேர்த்தே வார்த்த ஸ்டட் போதும். ஒரே ஜோடியோடு வரும் பள்ளிப் பெண்ணிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. திரும்பும் இடத்தில் வழுக்கி விழுவது யார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே போகிற மாதம் முக்கியம். அங்கே ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம். கூவாவின் அட்சரேகை ஏறத்தாழ நம் புதுக்கோட்டையுடையதுதான். வறண்ட காலத்தில் பிற்பகல் வெயில் எப்படி இருக்கும் என்று அதற்கு மேல் விளக்க வேண்டாம். திறந்த கேலரியில் மாலை நான்கு மணி ஆட்டத்துக்கு உட்காருவது அசட்டுத் துணிச்சல். ஜனவரியில் ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு இருட்டிவிடும். இரண்டாவது ஆட்டம் விளக்கொளியில் என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

2018 போட்டி நடந்தது அப்படிப்பட்ட ஜனவரியில், 18ஆம் தேதி முதல் 28 வரை. எட்டு அணிகள், இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் ஆறு ஆட்டம், பிறகு இரண்டு அரையிறுதி, மூன்றாம் இட ஆட்டம், இறுதி. மொத்தம் 16 ஆட்டங்கள், ஒரே புல்தரையில், பதினொரு நாளில். தரைக்கு இதைவிடக் கொடுமை செய்ய முடியாது. கோல்கீப்பர் நிற்கும் இடமும் பெனால்டிப் புள்ளியைச் சுற்றியும் முதலில் புல் உரியும். பந்து அங்கே விழுந்தால் எப்படி எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதே போட்டியை அக்டோபரில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இந்தப் போட்டி அமைப்பில் டிக்கெட் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு இந்த வட்டாரத்திலிருந்து யு-20 உலகக் கோப்பைக்குப் போக மூன்று இடங்கள். அரையிறுதியில் ஜெயித்தாலே இரண்டு அணிகளுக்கு இடம் உறுதி. அதன்பின் இறுதி ஆட்டம் கோப்பைக்கான கௌரவச் சண்டை மட்டும்தான். உயிர்ப் போராட்டம் மூன்றாம் இட ஆட்டத்தில். 'தோற்றவர்கள் ஆடும் ஆட்டம்தானே' என்று நினைத்து இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வந்தவர்கள் அன்று அசலைத் தவறவிட்டார்கள். மெக்சிகோ அமெரிக்காவைப் பெனால்டியில் வீழ்த்திக் கோப்பை வாங்கியது நல்ல ஆட்டம்தான். ஆனால் ஹைட்டி கனடாவை 1-0 என்று சாய்த்த ஆட்டம் கரீபியன் வரலாற்றை மாற்றியது. பெண்கள் யு-20 உலகக் கோப்பைக்குக் கரீபியனிலிருந்து தகுதி பெற்ற முதல் அணி ஹைட்டி. இதே மாதிரி அமைப்பில் எந்தப் போட்டி நடந்தாலும், எத்தனை இடம் என்று முதலில் பாருங்கள். மூன்று என்றால் மூன்றாம் இட ஆட்டத்துக்கான டிக்கெட்டை முதலில் வாங்குங்கள்.

அந்த ஹைட்டி அணி அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சில் நடந்த அந்த உலகக் கோப்பைக்குப் போனது. சீனாவிடம் 1-2, நைஜீரியாவிடம் 0-1, ஜெர்மனியிடம் 2-3. மூன்று தோல்வி, மூன்றும் ஒரே கோல் வித்தியாசம். புள்ளிப் பட்டியலில் சுழியம் என்று இருப்பதைப் பார்த்து எடைபோட்டால் ஏமாந்துபோவோம். நெரிலியா மொந்தெசீர் என்ற ஃபார்வர்டும், பதினைந்து வயதுகூட நிரம்பாத மெல்ஷி துமோர்னேயும் அந்த அணியில் இருந்தார்கள். துமோர்னே 2023 பிப்ரவரியில் சிலிக்கு எதிராக இரண்டு கோலும் தானே போட்டு ஹைட்டியின் பெரியவர்கள் அணியை உலகக் கோப்பைக்குள் கொண்டுபோனார். அதே ஆண்டு லியோன் கிளப்பில் சேர்ந்தார். இளையோர் ஆட்டம் பார்க்க இவ்வளவு தூரம் போவதற்கு இதைவிட நல்ல காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஏன் ஒரே கோல் வித்தியாசத்தில் நழுவுகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் கடைசி முப்பது நிமிடத்தில் கிடைக்கும். யு-17, யு-20 இரண்டிலும் ஆட்டம் 45, 45 என்று முழு 90 நிமிடம்தான், வயதுக்குச் சலுகை எதுவும் கிடையாது. பிரிவு ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு ஒரே நாள். பெரிய நாடுகளில் பெஞ்சிலிருந்து இறங்குகிறவர்களும் தொடக்க அணிக்குச் சமமானவர்கள். அறுபதாவது நிமிடம் மூன்று பேரை ஒன்றாக மாற்றினால் ஆட்டம் புதிதாகத் தொடங்கியது போல் இருக்கும். கரீபியன் அணிகளில் முதல் பதினொருவருக்கும் அடுத்தவர்களுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் பயிற்சியாளர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். எழுபதாவது நிமிடத்துக்கு மேல் நடுவரிசை இறங்கி வர மறுக்கும். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையில் ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்கு இடம் விழும். எதிரணி அடித்த பந்து தட்டி விழும்போது அதை எடுக்க அங்கே ஆள் இருக்காது. மேல் வரிசையில் உட்காரச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இந்த இடைவெளி. அங்கிருந்துதான் அது கண்ணுக்குத் தெரியும்.

வெயில் கடுமையாக இருந்தால், வெயிலையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் WBGT என்ற வெப்ப அளவு 32 டிகிரியைத் தாண்டும்போது, முப்பதாவது நிமிடத்தை ஒட்டியும் எழுபத்தைந்தை ஒட்டியும் தண்ணீர் இடைவேளை விடுவார்கள். மூன்று நிமிடம்தான். ஆனால் தளர்ந்துகொண்டிருக்கும் அணிக்கு அது வரப்பிரசாதம். அந்த மூன்று நிமிடத்தில் பயிற்சியாளர் பலகையை எடுக்கிறாரா, வெறும் பாட்டிலை நீட்டுகிறாரா என்று பைனாகுலரில் பாருங்கள்.

இனி உள்ளூர் அணி. டிரினிடாட் அண்ட் டொபேகோ 2010 உலகக் கோப்பையில் ஆடியது போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையில். அப்போது பயிற்சியாளர், நார்வே பெண்கள் அணிக்கு 1995இல் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஈவன் பெல்லருட். அவ்வளவு பெரிய ஆளைக் கொண்டுவந்தும், அந்த முதலீட்டைத் தொடர்ந்து நீர் ஊற்றி வளர்த்தார்களா என்பது வேறு கேள்வி. அணியின் அடித்தளம் பள்ளிக்கூட லீக். அந்தப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஆண்டு இறுதிக்குள் முடியும். கான்ககாஃப் யு-20 ஆட்டங்களோ பெரும்பாலும் அடுத்த ஆண்டின் முதற்பாதியில் வரும். நடுவில் உள்ள மாதங்களில் தொடர்ச்சியான பயிற்சி முகாம் இருந்தால் அணி முகாமின் உடல் வலுவோடு வரும். இல்லையென்றால் டிசம்பரில் விட்ட இடத்திலிருந்து தேய்ந்த உடலோடு வரும். இதற்கு மேல், அமெரிக்கக் கல்லூரிகளில் உதவித்தொகையில் படிக்கும் பெண்கள் படிப்பு விடுவித்த பிறகுதான் வந்து சேர முடியும். முதல் ஆட்டத்தில், எதிரணி ஆளைப் பின்வரிசைக்கு அப்பால் மாட்டவைக்கும் ஆஃப்சைடு வலை கிழிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நான்கு டிஃபென்டர்கள் ஒரே நேரத்தில் ஒரு எட்டு முன்னால் வைக்க, பலநாள் சேர்ந்து ஆடிய பழக்கம் வேண்டும். விமானத்தில் வந்து இறங்கிய வாரத்தில் அது வராது.

கோல்கீப்பர் பற்றி ஒரு வார்த்தை. கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அதே அளவு, வளர்ந்த ஆண்களுக்கும் அதே அளவு. இளையோர் ஆட்டங்களில் தூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு அடியில் போய் விழுந்து கோலாகும்போது கேலரியில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பில் நாம் சேரவேண்டாம். பெரும்பாலும் தவறு அடிக்கவிட்டவளுடையது. நல்ல அணிகள் இருபத்தைந்து மீட்டர் தூரத்திலேயே அடிக்கிறவளை நெருங்கிவிடும். அதைச் செய்யத்தான் களைக்காத நடுவரிசை வேண்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் பிரச்சினை மறுபடி அந்தக் கடைசி முப்பது நிமிடத்திலேயே வந்து நிற்கிறது.

முகாம் நடத்தப் பணம் இல்லாமை எந்த அளவுக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2014 அக்டோபரில் இதே நாட்டின் பெரியவர்கள் பெண்கள் அணி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக அமெரிக்காவில் டாலஸ் நகரில் போய் இறங்கியபோது கையில் இருந்தது 500 டாலர். பயிற்சியாளர் ராண்டி வால்ட்ரம் ட்விட்டரில் வெளிப்படையாக உதவி கேட்டார். உதவ வந்தவர்களில் ஹைட்டிப் பெண்கள் அணியும் ஒன்று. தங்களுக்காகத் திரட்டிய காசை அப்படியே தூக்கிக் கொடுக்க முன்வந்தார்கள். பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால் யு-17க்கு முகாம் ஏன் குறைவாக இருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

போய்ச் சேரும் வழி. கூவா, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் சான் ஃபெர்னாண்டோவுக்கும் நடுவே, சாலமன் ஹோச்சாய் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே மேக்ஸி டாக்ஸி என்றால் பட்டை போட்ட வேன். பட்டையின் நிறம்தான் வழித்தடம். தெற்கே போவது பச்சைப் பட்டை. தலைநகரில் சிட்டி கேட் நிலையத்தில் பச்சைப் பட்டையில் ஏறி சகுவானாஸ் போய், அங்கிருந்து கூவா போகும் பங்கு டாக்ஸி பிடிப்பது சுலபம். 'எச்' எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட் உள்ள கார்தான் அனுமதி பெற்ற வாடகைக் கார், அதைப் பார்த்து ஏறுங்கள். ஓட்டுநரிடம் 'அட்டோ போல்டன்' என்றால் போதும். சொந்தமாகக் கார் எடுத்தால் நம் ஊர் போலவே இடதுபக்கம் ஓட்டுவது, பழகத் தேவையில்லை. டொராண்டோவிலிருந்து போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு நேரடி விமானம் உண்டு, கனடா ஆடும் போட்டி என்றால் அங்குள்ள தமிழர்களுக்கு இது தோதான பயணம்.

உடையில் ஒரு எச்சரிக்கை. ராணுவப் பச்சைத் திட்டு போட்ட கேமஃப்ளாஜ் துணி அந்த நாட்டில் சட்டப்படி குற்றம். தொப்பியாக இருந்தாலும் சரி, குழந்தையின் கால்சட்டையாக இருந்தாலும் சரி, பெட்டியில் வைக்காதீர்கள். பெரிய குடை, கண்ணாடி பாட்டில் ஆகியவற்றை மைதான வாசலில் பொதுவாக விடமாட்டார்கள். மடித்து வைக்கும் ரெயின்கோட் போதும்.

சாப்பாட்டுக்கு மைதானத்துக்குள் எதையும் நம்பிப் போகாதீர்கள், வரும் வழியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. தெருவோரம் விற்கும் டபுள்ஸ்தான் சரியான தீனி. மஞ்சள் சேர்த்த மாவில் பொரித்த மெத்தென்ற இரண்டு பாரா ரொட்டி, நடுவே குழைய வேகவைத்த கொண்டைக்கடலைக் கறி, மேலே வெள்ளரி, புளிச் சட்னி, மாங்காயில் செய்த குச்சேலா. சுத்த சைவம். மிளகாய் எவ்வளவு என்று கேட்பார்கள், 'ஸ்லைட்' (கொஞ்சம்) என்று சொல்லிப் பழகுங்கள். காரம் தின்று வளர்ந்தவர்கள் என்ற இறுமாப்பில் நிறையப் போடச் சொன்னால், அங்கே விளையும் ஸ்கார்பியன் மிளகாய் பாடம் நடத்திவிடும். டபுள்ஸ் காலையிலும் இரவிலும்தான் பரவலாகக் கிடைக்கும், நடுப்பகலில் தேட வேண்டியிருக்கும். அப்போது ரொட்டிக் கடையில் பருப்பு வைத்த தால்பூரி வாங்கலாம். பேரும் ருசியும் வடக்கத்தி வாசனை அடிப்பதற்குக் காரணம், கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பான்மை கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். மதராஸில் ஏறியவர்கள் கொஞ்சம்தான், அவர்கள் விட்டுப்போன தடம் சாப்பாட்டைவிடக் காளி கோயில்களில் அதிகம்.

நேரில் போகமுடியாதவர்களுக்கு: இளையோர் ஆட்டங்கள் பலவற்றைக் கான்ககாஃப் தன் யூடியூப் பக்கத்தில் இலவசமாக விடுகிறது. ஒளிபரப்பு உரிமை விற்கப்பட்ட நாடுகளில் மட்டும் பூட்டு விழும். டிரினிடாடில் மாலை 4 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நள்ளிரவு தாண்டி 1.30, இரவு 7 மணி ஆட்டம் என்றால் விடியற்காலை 4.30. பால் வரும் நேரத்துக்கு முதல் பாதி முடிந்துவிடும். உயரத்தில் வைத்த கேமரா ஆட்டத்தின் பெரும்பகுதியை அகலமாகவே காட்டும், குறை சொல்லாதீர்கள். அணியின் வடிவம் தெரிய அதுதான் வசதி. மறுஒளிபரப்பு பார்ப்பவர்கள் அறுபதாவது நிமிடத்துக்கு நகர்த்தித் தொடங்கலாம்.

நேரில் போனவர்கள் திரும்பும் வண்டியை ஆட்டம் தொடங்குமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஆட்டம் பெனால்டி வரை இழுத்தால் மணி பத்தை நெருங்கிவிடும், அந்த நேரத்தில் சகுவானாஸ் போகும் கார் கூவாவில் லேசில் அகப்படாது.